பேக்பைப்பும் ஒரு பைண்ட் பீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோவில் நண்பர்கள் சிலர் சனிக்கிழமைகளில் சேர்ந்து பைப் வாசிப்போம், முடிந்ததும் அப்படியே பக்கத்து பப்புக்கு நடப்போம். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள், இங்கே படிக்க வந்த பிள்ளைகள், ஆபீஸில் கூட வேலை பார்க்கிறவர்கள் என்று யார் கூட வந்தாலும் கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் வாயால் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைத்துவிட்டேன்.

பேக்பைப் ஸ்காட்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்ததுதானே?

இல்லை. தோல்பையில் காற்றை அடைத்துக் குழலுக்கு அனுப்பும் வாத்தியம் ஐரோப்பா முழுக்க இருந்தது, வட ஆப்பிரிக்காவில் இருந்தது, துருக்கியில் இருக்கிறது. ஸ்பெயினின் கலீசியாவிலும் பல்கேரியாவிலும் இன்றைக்கும் திருவிழாவுக்கு அதுதான். நம் ஊரிலும் சதிர் ஆட்டத்துக்குச் சுருதி பிடிக்க 'துத்தி' என்ற பையை ஊதினார்கள், சுருதிப்பெட்டி வந்த பிறகு அது காணாமல் போய்விட்டது. உலகம் முழுக்க பேக்பைப் என்றாலே ஸ்காட்லாந்து என்று ஆனதற்குக் காரணம் ஹைலண்டு (ஸ்காட்லாந்தின் மலைப்பகுதி) ரெஜிமென்ட்கள். பிரிட்டிஷ் பட்டாளம் போன இடமெல்லாம் பைப்பும் போனது, பட்டாளம் கிளம்பிய பிறகும் பல நாடுகளில் பைப் மட்டும் தங்கிவிட்டது.

1746-க்குப் பிறகு பைப்பையே தடை செய்தார்களாமே?

சுற்றுலா வழிகாட்டிகள் எல்லோரும் சொல்லும் கதை. கலோடன் போரில் ஜேக்கபைட் படை (ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணை ஏற்றப் போராடியவர்கள்) தோற்ற பிறகு லண்டன் அரசு கொண்டுவந்த சட்டத்தில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது, ஆண்கள் ஹைலண்டு உடை உடுத்தக் கூடாது என்றுதான் இருக்கிறது. பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. உடைத் தடை 1782 வரை நீடித்தது, அதிலும் பட்டாளத்தில் இருந்தவர்களுக்கு விலக்கு.

ஆனால் கதை வெறும் காற்றிலிருந்து பிறக்கவில்லை. ஜேக்கபைட் படையில் பைப்பராக இருந்த ஜேம்ஸ் ரீட் என்பவரை அதே 1746-இல் யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள். நான் ஆயுதம் எடுக்கவில்லை, பைப்தான் வாசித்தேன் என்ற வாதம் எடுபடவில்லை, பைப்பர் இல்லாமல் ஹைலண்டு படை நகராது, ஆகவே அதுவும் போர்க்கருவிதான் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. ஒரு ஆளுக்குக் கொடுத்த தண்டனை, காலப்போக்கில் வாத்தியத்துக்கே தடை என்று ஊதிப் பெருகிவிட்டது.

எல்லாப் பாட்டும் ஒரே மாதிரிக் கேட்கிறதே, எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. முதல் சில நாள் எல்லோருக்கும் அப்படித்தான். அதற்குக் காரணம் வாத்தியத்தின் அமைப்பிலேயே இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாசிக்கும் குழலுக்கு சான்டர் என்று பெயர். அதில் மொத்தமே ஒன்பது சுரங்கள்தான். அதோடு மூன்று டிரோன் குழல்கள் தோளில் சாய்ந்து நிற்கும், அவை விடாமல் ஆதார ஷட்ஜத்தையே ஒலிக்கும்: இரண்டு டெனார் டிரோன்கள் சான்டரின் ஸ-வுக்கு ஒரு ஸ்தாயி கீழே, பாஸ் டிரோன் இரண்டு ஸ்தாயி கீழே. சான்டரில் இருக்கும் சுரங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது ஹரிகாம்போதி. பழந்தமிழில் செம்பாலை என்றார்களே, அதே அடுக்கு. கீழே ஒரு மந்தர நிஷாதம், அதிலிருந்து மேல் ஸ வரை, அவ்வளவுதான் மைதானம். பல மெட்டுகள் அதிலும் ஐந்து சுரத்தோடு நின்றுவிடும், அப்போது மோகனம் மாதிரி இருக்கும். கர்னாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வாத்தியம் சீக்கிரம் பிடித்துப்போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். காகிதத்தில் அடிப்படைச் சுரத்தை ஏ என்று எழுதுவார்கள், ஆனால் இன்றைய பைப்புகள் உண்மையில் பி பிளாட்டுக்கும் சற்று மேலே, நம் கணக்கில் ஆறரைக் கட்டையைத் தாண்டி நிற்கின்றன.

இப்போது முக்கியமான விஷயம். நாகஸ்வரத்தில் சீவாளி வாய்க்குள் இருக்கிறது, நாக்கால் துத்துக்காரம் போட்டு சுரத்தை வெட்டலாம், மூச்சைக் குறைத்துச் சத்தத்தைக் குறைக்கலாம். பைப்பில் இரண்டுமே நடக்காது. வாய் ஊதுவது பைக்குள்ளே, சீவாளி இருப்பது சான்டரின் தலைக்குள்ளே, நடுவில் தோல்பை. காற்று நிற்காது, சத்தம் கூடாது குறையாது, மௌனம் என்ற ஒன்றே கிடையாது. அப்படியானால் ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிப்பது எப்படி? நடுவில் வேறொரு சுரத்தைக் கண் இமைக்கும் நேரத்துக்குள் தொட்டுவிட்டு வர வேண்டும். அதற்குத்தான் கிரேஸ் நோட். பர்ல், டப்ளிங், கிரன்லுவா என்று அதில் ஒரு பெரிய குடும்பமே உண்டு. வாசிப்பவர் திறமை முழுக்க அந்தச் சின்னச் சின்ன வெட்டுகளில்தான். காது அதைப் பிடிக்க ஆரம்பித்த அன்றைக்கு எல்லாப் பாட்டும் தனித்தனியாகப் பிரிந்துவிடும்.

பிப்ரோக் என்கிறார்களே, அது என்ன?

பைப்பின் கனமான இசை. ஹைலண்டு மக்களின் மொழியான கெயிலிக்கில் பெரிய இசை என்ற பொருளில் கியோல் மோர் என்பார்கள். மார்ச், ஸ்ட்ராத்ஸ்பே, ரீல், ஜிக் என்ற நடை, நடன மெட்டுகள் எல்லாம் சின்ன இசை. பிப்ரோக்கில் முதலில் ஊர்லார் என்ற அடிப்படை மெட்டை மெதுவாக வைப்பார்கள், பிறகு அதையே மேலும் மேலும் சிக்கலாக்கி, கடைசியில் மறுபடி ஊர்லாருக்கே வந்து முடிப்பார்கள். ஒரு உருப்படி கால்மணி நேரம்கூடப் போகும். ஸ்கை தீவின் மக்கிரிமன் பரம்பரை இதில் பெரிய பேர். டன்வேகன் கோட்டை மக்லியோட் தலைவர்களுக்கு அவர்கள்தான் தலைமுறை தலைமுறையாக ஆஸ்தான பைப்பர்கள். அந்தக் காலத்தில் எழுதி வைக்கவில்லை, கன்டரக் என்று ஒவ்வொரு சுரத்துக்கும் அலங்காரத்துக்கும் ஓர் அசை வைத்து வாயால் பாடித்தான் கற்றுக்கொடுத்தார்கள்.

முதல் நாளே இதில் குதிக்காதீர்கள். ரீலும் ஜிக்கும் கேட்டுக் கால் தாளம் போட ஆரம்பித்த பிறகு வாருங்கள்.

வாசிப்பதற்கு முன்னால் இவ்வளவு நேரம் என்னதான் செய்கிறார்கள்?

சுருதி சேர்க்கிறார்கள். பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள், எனக்கு இன்றைக்கும் பாட்டை விட இது பிடிக்கும். பை இடது கக்கத்தில் இருக்கும். காற்றை ஊதிவிட்டுப் பையில் ஒரு தட்டு தட்டுவார், டிரோன் முழங்கும், முழங்கை அழுத்தியதும் சான்டர் சேர்ந்துகொள்ளும். இடது கையால் மேல் சுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மேலே நீட்டி ஒரு டிரோனின் இணைப்பை மேலும் கீழுமாக மில்லிமீட்டர் கணக்கில் நகர்த்துவார். சேராதபோது இரண்டு ஒலியும் உரசிக்கொண்டு வோ, வோ, வோ என்று அலை அடிக்கும். நகர்த்த நகர்த்த அலை மெதுவாகும், இன்னும் மெதுவாகும், சட்டென்று ஒன்றுமே இல்லாமல் ஒரே கோடாக நிற்கும். அப்புறம் அடுத்த டிரோன்.

இதற்குள் சான்டரின் சீவாளி சூடாகிச் சுருதி ஏறியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. சான்டர் சீவாளி நாணலில் செய்தது, ஈரமும் சூடும் பட்டால் மாறிக்கொண்டே இருக்கும். இணைப்புகளில் மெழுகு பூசிய சணல் நூலைச் சுற்றியிருப்பார்கள், அது காய்ந்துபோனால் டிரோன் தானாகக் கீழே இறங்கும். ஸ்காட்லாந்து வானிலையில் மழை, வெயில், காற்று மூன்றையும் ஒரே மத்தியானத்தில் பார்த்துவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் என்பது குறைவுதான்.

நானும் கற்கலாமா? எவ்வளவு நாளாகும், எவ்வளவு செலவாகும்?

தாராளமாக. ஆனால் முதல் நாளே பைப்பை வாங்காதீர்கள். பிராக்டிஸ் சான்டர் என்று பை இல்லாத ஒரு சின்னக் குழல் உண்டு, நூறு பவுண்டுக்குள் நல்லதாகவே கிடைக்கும், சத்தமும் வீட்டுக்குள் தாங்கும் அளவுதான். அதில் விரல் படிந்து, சில மெட்டுகள் மனப்பாடமான பிறகுதான் ஆசிரியர்கள் பைப்பைக் கையில் கொடுப்பார்கள். பெரும்பாலானவர்களுக்கு அதற்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் பிடிக்கும். பிறகு ஊதுவதையும் அழுத்துவதையும் ஒரே சீராகச் செய்யப் பழக இன்னொரு காலம்.

நல்ல பைப் ஆயிரம் பவுண்டுக்குக் குறைந்து கிடைப்பது அரிது, ஆப்பிரிக்க பிளாக்வுட் மரம் அவ்வளவு விலை. இணையத்தில் நூறு, இருநூறுக்கு வெள்ளி மாதிரிப் பளபளக்கும் பைப்புகளைப் பார்ப்பீர்கள். அவற்றில் நிறைய பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்யப்படுபவை. உலகத்துக்கே பைப் செய்யும் ஊர் அது, கைத்திறனைக் குறை சொல்லவில்லை, ஆனால் அந்த விலையில் வருவது பெரும்பாலும் சுவரில் மாட்டத்தான் ஆகும், சுருதி சேராது. ஆசிரியரிடம் காட்டாமல் பழைய பைப்பும் வாங்க வேண்டாம்.

கிளாஸ்கோவில் நேஷனல் பைப்பிங் சென்டர் இருக்கிறது, வகுப்பும் உண்டு, அருங்காட்சியகமும் உண்டு. அதைவிட மலிவான வழி, உங்கள் பகுதி பைப் பேண்டைத் தேடிப் போவது. பல பேண்டுகள் புதியவர்களுக்கு இலவசமாகவோ சொற்பப் பணத்துக்கோ சொல்லிக்கொடுக்கின்றன, அவர்களுக்கு ஆள் வேண்டும், உங்களுக்குக் கூட்டாளிகள் வேண்டும். தனியாக வீட்டில் வீடியோ பார்த்துப் படித்தவர்களை விட பேண்டில் சேர்ந்தவர்கள்தான் விடாமல் தொடர்கிறார்கள்.

பீர் குடித்துக்கொண்டே வாசிக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் நான் கறாராகச் சொல்லும் ஒரே விஷயம் இதுதான்: முதலில் பைப், பிறகு பீர்.

நியாயமான காரணங்கள் உண்டு. வயிற்றில் பீரின் வாயு நிறைந்திருக்கும்போது முழு மூச்சு வாங்க முடியாது, ஏப்பம் பைக்குள் போவது யாருக்கும் நல்லதல்ல. ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேல்) உள்ளே போனால் கிரேஸ் நோட்டுகள் முதலில் குழையும், குடித்தவருக்கு மட்டும் அது தெரியாது. இனிப்பும் ஈரமும் கலந்த மூச்சு பைக்குள் போய்த் தங்கினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தினமும் பைப் வாசித்த ஒருவர் நுரையீரல் அழற்சியால் இறந்துபோக, அவருடைய பைப்பின் உள்ளே பல வகைப் பூஞ்சைகள் வளர்ந்திருந்ததைக் கண்ட இங்கிலாந்து மருத்துவர்கள் அதை 2016-இல் மருத்துவ இதழில் பதிவு செய்தார்கள். வாசித்து முடித்ததும் பிரித்துத் துடைத்து, காற்றாட வைத்து, அப்புறம்தான் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நாங்கள் இதை முடித்த பிறகுதான் பப்புக்குக் கிளம்புவோம், எவ்வளவு தாகமாக இருந்தாலும்.

பப்புக்குள் வாசித்தால் என்ன?

ஹைலண்டு பைப்பின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். மலைக்கும் மைதானத்துக்கும் செய்த வாத்தியம் அது. தாழ்ந்த கூரை உள்ள அறையில் ஒரு பாட்டு என்றால் சரி, யாருக்காவது பிறந்தநாள் என்றால் இரண்டு, அதற்கு மேல் போனால் பக்கத்து மேசைக்காரர் கோட்டை எடுத்து மாட்டிக்கொள்வார். வாசிப்பவர்களே இப்போதெல்லாம் காதில் அடைப்பான் போடுகிறார்கள்.

பப்புக்கென்றே இருப்பது ஸ்மால்பைப். வாயால் ஊத வேண்டாம், வலது கக்கத்தில் ஒரு சின்னத் துருத்தி, அதை முழங்கையால் இயக்கிக் காற்றை அடைக்க வேண்டும். சத்தம் பிடிலோடு ஒத்துப்போகும், பாடவும் செய்யலாம், பேசவும் செய்யலாம். 1980-களில் இதற்கு ஒரு மறுபிறவி கிடைத்தது. எடின்பரோவின் சாண்டி பெல்ஸ் மாதிரியான நாட்டுப்புற இசை பப்புகளில் இரவானால் ஒரு மூலையில் பிடில், புல்லாங்குழல், கிட்டார் என்று உட்கார்ந்திருப்பார்கள், மேடை கிடையாது, டிக்கெட் கிடையாது. அங்கே போனால் முதலில் ஒரு பைண்ட் வாங்கிக்கொண்டு கேளுங்கள். கூப்பிட்டால் சேருங்கள். கூப்பிடுவதற்கு முன் பைப் பெட்டியை மேசைமேல் திறப்பவரை அந்த வட்டம் நெடுநாள் மறக்காது.

ஸ்காட்லாந்து பீர் பெயரில் 80 ஷில்லிங் என்று போட்டிருக்கிறதே, அது விலையா?

ஒரு காலத்தில் விலைதான். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு பீப்பாய் பீரின் விலையை ஷில்லிங்கில் எழுதி அதையே வகையின் பெயராக வைத்தார்கள். 60, 70, 80, 90 என்று ஏற ஏற பெரும்பாலும் வீரியமும் ஏறும். ஷில்லிங் கணக்கு 1971-இல் தசம முறை வந்தபோது வழக்கொழிந்தது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. வயதானவர்கள் 70 ஷில்லிங்கை ஹெவி என்பார்கள், 80 ஷில்லிங்கை எக்ஸ்போர்ட் என்பார்கள். அதற்கும் மேலே வீ ஹெவி: கருத்த, தித்திப்பான, 6 சதவீதத்தில் தொடங்கி 9 வரைகூடப் போகும் பீர். பெயரில் வீ, அதாவது சின்னது, என்று இருப்பதை நம்பி பைண்ட் கணக்கில் இறங்காதீர்கள், அரை பைண்டே போதும்.

ஸ்காட்டிஷ் ஏல் (பீரில் ஒரு வகை) என்றால் புகைவாசம் அடிக்குமாமே?

அது பெரும்பாலும் அமெரிக்க மதுவடிப்பாளர்கள் கிளப்பிய பழக்கம். விஸ்கியில் பீட் என்ற சதுப்பு நிலக் கரிமண்ணின் புகை இருக்கிறதே, பீரிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூ ஸ்காட்லாந்தில் விளையாது, ஆகவே ஹாப்ஸே போட மாட்டார்கள் என்பதும் அதே ரகம். எடின்பரோ மதுவடிப்பாளர்கள் ஹாப்ஸை வெளியிலிருந்து மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். யங்கர், மக்யூவன் மாதிரிப் பெரிய கம்பெனிகள் ஹாப்ஸ் தூக்கலாகப் போட்ட பேல் ஏலை இந்தியாவுக்குக் கப்பலில் அனுப்பின. எடின்பரோ நிலத்தடி நீரில் இருந்த உப்புகள் அந்த வகை பீருக்குத் தோதாக அமைந்தன, அதனால்தான் ஊருக்குள் அத்தனை பீர் ஆலைகள் முளைத்தன.

சரி, நான் முதலில் எதைக் குடிப்பது?

முதல் பைண்டுக்கு ஃபைன் ஏல்ஸின் யார்ல். லாக் ஃபைன் கடற்கழியின் தலைமாட்டில் இருக்கும் பண்ணையில் காய்ச்சுகிறார்கள், வெறும் 3.8 சதவீதம், ஆனால் சிட்ரா ஹாப்ஸின் எலுமிச்சை, சாத்துக்குடி மணம் தூக்கும். மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கும் சாயங்காலத்துக்கு இதைவிட நல்ல பீரை நான் பார்க்கவில்லை. கூடுமானவரை பாட்டிலில் வேண்டாம், கேஸ்க் என்ற பீப்பாயிலிருந்து இறக்கியதைக் கேளுங்கள். கேஸ்க் ஏல் 11 முதல் 13 டிகிரியில்தான் தருவார்கள். ஜில்லென்று இல்லையே என்று முகம் சுளிக்காதீர்கள், ரொம்பக் குளிர வைத்தால் மணம் எல்லாம் அமுங்கிப்போகும்.

இரண்டாவதாக 80 ஷில்லிங் ஒன்று. டன்பாரில் 1719 முதல் இருக்கும் பெல்ஹேவன் ஆலையுடையது எளிதில் கிடைக்கும். எடின்பரோ பக்கம் இருந்தால் போ பாருக்குப் போய்ப் பாருங்கள், கவுண்டரில் உயரமான உலோகத் தூண்கள் நிற்கும். இங்கிலாந்து பப்புகளில் கைப்பிடியை இழுத்து பீரை மேலே ஏற்றுவார்கள், இந்தப் பழைய ஸ்காட்டிஷ் முறையில் பீப்பாய்க்குள் காற்றை அழுத்திப் பீரை மேலே தள்ளுகிறார்கள். தூணின் குழாயைத் திறந்ததும் வேகமாகப் பாய்ந்து பாலாடை மாதிரி நுரை கட்டும். இந்தத் தூண்கள் இன்றைக்கு மிகச் சில பப்புகளில்தான் மிச்சம்.

பிறகு ஃப்ரோக். அலோவாவின் வில்லியம்ஸ் பிரதர்ஸ் ஹெதர் பூவைப் போட்டுச் செய்வது, மலைச்சரிவெல்லாம் ஆகஸ்டில் ஊதா நிறமாகுமே, அதே பூ. கசப்பு குறைவு, பூவாசம் மெலிது, பீர் பிடிக்காது என்பவர்களுக்குக்கூடப் பிடித்துப்போகிறது. ஆர்க்னி தீவின் டார்க் ஐலண்ட் மழை நாளுக்கு.

கடைசியாக, மெதுவாக, டிரக்வேர். இன்னர்லெய்தன் ஊரில் உள்ள பழைய மாளிகை அது. 1745-இல் இளவரசர் சார்லஸ் ஸ்டூவர்ட் வந்துபோன பிறகு மூடிய பெரிய வாசல் கதவை, ஸ்டூவர்ட் வம்சம் மறுபடி அரியணை ஏறினால்தான் திறப்போம் என்று இன்றுவரை பூட்டியே வைத்திருக்கிறார்கள். மாளிகைக்குள் கேட்பாரற்றுக் கிடந்த 18-ஆம் நூற்றாண்டு பீர்க் கூடத்தை அப்போதைய உரிமையாளர் பீட்டர் மாக்ஸ்வெல் ஸ்டூவர்ட் 1965-இல் தூசி தட்டி அடுப்பேற்றினார். சின்ன ஆலைகள் தனித்துவமாகச் செய்யும் கிராஃப்ட் பீர் என்ற பேச்செல்லாம் பிரிட்டனில் வருவதற்கு வெகு முன்னால். ஓக் தொட்டியில்தான் இன்னும் புளிக்க வைக்கிறார்கள். அவர்களுடைய ஜேக்கபைட் ஏலில் கொத்தமல்லி விதை சேர்க்கிறார்கள், 8 சதவீதம். முதல் வாய் குடித்ததும் நம் ஆட்கள் எல்லோரும் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, எங்கேயோ தெரிந்த வாசனை என்பார்கள்.

கிராஃப்ட் பீர் என்றால் பிரூடாக்தானே?

அவர்கள்தான் அதிகம் சத்தம் போட்டவர்கள். 2007-இல் ஃப்ரேசர்பரோவில் இரண்டு இளைஞர்கள் தொடங்கிய கம்பெனி, அவர்களுடைய பங்க் ஐபிஏ என்ற பீர் உலகம் முழுக்கப் போனது. 2010-இல் 55 சதவீத பீர் ஒன்றைச் செய்து, செத்த அணிலைப் பதப்படுத்தி அதற்குள் பாட்டிலைச் செருகி விற்றார்கள், விளம்பரம் வேண்டியதற்கு மேலாகவே கிடைத்தது. அவர்கள் கதவைத் திறந்துவிட்டதால் பல சின்ன ஆலைகள் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் ஸ்காட்லாந்து வரை வந்துவிட்டு விமான நிலையத்திலேயே கிடைப்பதை ஏன் குடிக்க வேண்டும்? குரோமார்ட்டி, டெம்பஸ்ட், பைலட், ஹார்வியஸ்டன் என்று பலகையில் எந்தப் பெயர் தெரிந்தாலும் துணிந்து கேளுங்கள். பார்க்காரர் ருசி பார்க்க ஒரு வாய் ஊற்றித் தருவார், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பழைய ஆலைகள் மூடிக்கொண்டு வருவதுதான் வருத்தம். எடின்பரோவில் 1869 முதல் இயங்கிய கலிடோனியன் ஆலை 2022-இல் மூடப்பட்டது.

ரவுண்டு வாங்குவது எப்படி?

நாலு பேர் போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்தது அடுத்தவர். கணக்குப் பார்த்துத் தனித்தனியாகக் கொடுப்பது இங்கே ஒட்டாது. உங்கள் முறை வரும் முன் நழுவினால் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள், ஆனால் நினைவில் வைத்திருப்பார்கள். எல்லோரும் குடிக்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாவிட்டால் அரை பைண்ட் சொல்லுங்கள், தப்பே இல்லை. அரை பைண்ட் பீரும் பக்கத்தில் ஒரு சின்ன விஸ்கியும் என்பது பெரியவர்களின் பழைய கூட்டணி, ஹாஃப் அண்ட் அ ஹாஃப் என்று கேட்டால் தருவார்கள். கிளாஸைத் தூக்கும்போது ஸ்லாஞ்சவா (நல்ல உடல்நலம்) என்று சொன்னால் முகம் மலரும்.

நான் குடிப்பதில்லை. வரலாமா?

வாருங்கள், எங்கள் கூட்டத்திலேயே குடிக்காதவர்கள் உண்டு. ஐயர்ன் புரூ என்று ஆரஞ்சு நிறத்தில் ஒரு சோடா, 1901 முதல் ஸ்காட்லாந்தின் செல்லப்பிள்ளை. ருசியை விவரிக்க முடியாது, குடித்துத்தான் பார்க்க வேண்டும். ஆல்கஹால் இல்லாத பீரும் இப்போது எல்லா பப்பிலும் உண்டு. ஏன் குடிக்கவில்லை என்று இரண்டாம் முறை கேட்பவர் எங்கள் மேசையில் உட்கார முடியாது.

கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்களின் மடிப்புப் பாவாடை) கட்டித்தான் ஆக வேண்டுமா? தமிழன் கட்டினால் சிரிக்க மாட்டார்களா?

சிரிக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். எந்தக் கட்டத் துணியை யார் கட்டலாம் என்று சட்டம் ஒன்றும் இல்லை. எந்தக் குலத்தையும் சேராத பொதுவான டார்டன்கள் (கட்ட வடிவங்கள்) நிறைய உண்டு, கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுப்பவர்கள் அதைத்தான் எடுக்கிறார்கள். வேட்டி கட்டிப் பழகியவர்களுக்கு நடப்பது ஒன்றும் சிரமமில்லை. கவனிக்க வேண்டியவை சில: மடிப்பு பின்னால், தட்டையான பக்கம் முன்னால், விளிம்பு முழங்கால் நடுவில். ஊசியை மேல் மடிப்பில் மட்டும் குத்த வேண்டும், இரண்டையும் சேர்த்துக் குத்தினால் துணி இழுத்துக்கொண்டு கிழியும். காலுறையில் செருகும் சின்னக் கத்தியை விமானத்தில் கைப்பையில் வைத்துவிடாதீர்கள். முழுக் கில்ட்டுக்கு எட்டு கஜம் வரை கம்பளித் துணி போகும், அதனால் ஆகஸ்டில் வேர்க்கும்.

பப்புக்கு வருவதற்கு கில்ட் தேவையே இல்லை. பேண்டில் வாசித்துவிட்டு நேரே வந்தவர் மட்டும் கில்ட்டில் இருப்பார், அவ்வளவுதான்.

பர்ன்ஸ் சப்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன எதிர்பார்க்கலாம்?

கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759 ஜனவரி 25 அன்று பிறந்தார், அந்த நாளை ஒட்டி விருந்து. எல்லோரும் எழுந்து நிற்க, பைப்பர் முன்னால் நடக்க, சமையல்காரர் ஹாகிஸைத் தட்டில் ஏந்தி வருவார். ஒருவர் ஹாகிஸைப் பார்த்து பர்ன்ஸ் எழுதிய கவிதையை முழங்கி, நடுவில் கத்தியால் அதைக் கிழிப்பார். பைப்பருக்கும் சமையல்காரருக்கும் விஸ்கி. ஆட்டின் இதயம், ஈரல், நுரையீரலை ஓட்ஸ், கொழுப்பு, வெங்காயம், மிளகோடு சேர்த்து இரைப்பையில் கட்டி வேகவைத்ததுதான் ஹாகிஸ், குடல் குழம்பு சாப்பிடுகிறவர்களுக்கு இதில் பயப்பட ஒன்றுமில்லை. நுரையீரல் இருப்பதால் அமெரிக்கா 1971-இல் இறக்குமதியைத் தடை செய்தது. சைவ ஹாகிஸும் உண்டு, பருப்பும் பயறும் போட்டது, நன்றாகவே இருக்கும். தொட்டுக்கொள்ள மசித்த டர்னிப்பும் உருளைக்கிழங்கும். கூட எல்லோரும் விஸ்கி குடிப்பார்கள், என்னைக் கேட்டால் 80 ஷில்லிங்தான் பொருத்தம், மிளகுக் காரத்தை அந்த மால்ட் இனிப்பு சமாளிக்கும். கடைசியில் கை கோத்துக்கொண்டு ஆல்டு லாங் சைன் பாடுவார்கள். அதுவும் ஐந்து சுரம்தான், மோகனம் தெரிந்தவர் உடனே பிடித்துக்கொள்ளலாம்.

போட்டி பார்க்க எப்போது வர வேண்டும்?

ஆகஸ்ட். கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பேண்டு சாம்பியன்ஷிப், உலகம் முழுவதிலும் இருந்து பேண்டுகள் வரும். அதே வாரத்தில் பைப்பிங் லைவ் விழாவும் ஊருக்குள் நடக்கும். பேண்டு வட்டமாக உள்பக்கம் பார்த்து நிற்கும், உங்களுக்கு முதுகுதான் தெரியும், அதனால் மனம் கோணாதீர்கள், அவர்கள் ஒருவர் காதில் ஒருவர் கேட்க வேண்டும். நடுவர்கள் சுற்றிச் சுற்றி நடந்து குறித்துக்கொள்வார்கள். டிரம் உருட்டல் முடிந்து அத்தனை பைப்பும் ஒரே கணத்தில் ஒலிக்கிறதா, கடைசியில் ஒரே வெட்டில் நிற்கிறதா என்று மட்டும் கவனியுங்கள், ஒன்றும் தெரியாமலே பாதி மதிப்பெண் போட்டுவிடலாம். பெரிய பேண்டுகள் மேடைக்குப் போகும் முன் மைதானத்தின் ஓரத்து மரங்களுக்கடியில் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும், அங்கே போய் நில்லுங்கள்.

மலைப்பக்கம் போக ஆசை என்றால் செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமர் கூடல். முழு மரத்தைத் தூக்கி எறியும் கேபர் போட்டி அங்கே உண்டு. தூரத்துக்கு மார்க் இல்லை, மரம் தலைகீழாகப் புரண்டு நேர்க்கோட்டில் விழ வேண்டும்.

ஒரே ஒரு பைண்ட் குடித்துவிட்டுக் கார் ஓட்டலாமா?

வேண்டாம். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80. ஒரு பைண்டே உங்களை மாட்டிவிடலாம், மறுநாள் காலையிலும் கவனம். கடையில் மதுபானம் காலை 10 முதல் இரவு 10 வரைதான் விற்பார்கள், ஒரு நிமிடம் தாண்டினாலும் கிடைக்காது. 2018 முதல் ஆல்கஹால் அளவுக்கேற்ற குறைந்தபட்ச விலைச் சட்டமும் உண்டு, அதனால் சல்லிசான பீர் தேடி அலைய வேண்டாம்.

தமிழ்நாட்டில் பைப் கேட்க முடியுமா?

முடியும். இந்தியக் காலாட்படை ரெஜிமென்ட்களில் பெரும்பாலானவற்றில் பைப் பேண்டு உண்டு, மெட்ராஸ் ரெஜிமென்டின் தலைமையிடம் குன்னூர் பக்கத்து வெலிங்டன்தான். ஜனவரி 29 அன்று டெல்லியில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தாலும் கேட்கலாம். ஸ்காட்லாந்துக்காரர்களின் தடம் நம் பக்கம் கொஞ்சநஞ்சம் இல்லை: சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர், எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க் தேவாலயம் 1821-இல் அவர்கள் கட்டி முடித்தது, இலங்கை மலையகத்தில் 1867-இல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரும் ஸ்காட்லாந்துக்காரரே. அந்தத் தோட்டங்களில் யார் உழைத்தார்கள் என்பது நமக்குத் தெரியும். இங்கே நண்பர்களிடம் அதைச் சொன்னால் பலர் முதல்முறையாகக் கேட்கிறார்கள், இரண்டாவது பைண்ட் வரை அந்தப் பேச்சு ஓடும்.

தெருவில் வாசிக்கும் பைப்பருக்குக் காசு போட வேண்டுமா?

நின்று கேட்டாலோ படம் எடுத்தாலோ போடுங்கள். பாட்டுக்கு நடுவில் தோளைத் தட்டிப் பேசாதீர்கள், அவரால் பதில் சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு அழைத்த பைப்பர் என்றால் பேசிய கூலியோடு, வாசித்து முடித்ததும் ஒரு கிளாஸ் விஸ்கி கொடுப்பது வழக்கம். கார் ஓட்டி வந்திருந்தால் பாட்டிலாகக் கொடுத்தனுப்புங்கள்.